விழக் கத்துக்குடுக்கற வேலைக்கு உங்க டேபிள்ல பாயின்ட்டே கிடையாதா? ஜூடோ சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், டெக்னிக்கல் கமிட்டி உறுப்பினர்கள் எல்லாருக்கும்,

கோச்சுங்க வாட்ஸ்அப் குரூப்ல நீங்க போட்ட சர்க்குலரைப் படிச்சேன். மூணு முடிவு அதுல. கோச்சோட கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிறது இனிமே அவங்க பசங்க வாங்கற மெடலுக்கான பாயின்ட் டேபிளை வச்சு மட்டும்தான். புதுசா சேர்ற பசங்களோட ஆரம்பப் பயிற்சியை ரெண்டு வாரமா குறைச்சாச்சு, அது முடிஞ்சா சப்-ஜூனியர் மீட்ல, அதாவது சின்னப் பசங்க போட்டியில, இறக்கலாம். அப்புறம் தேசிய அளவுல மெடல் வாங்கினவங்க கோச்சிங் கோர்ஸும் ஃபர்ஸ்ட் எய்ட் சர்டிபிகேட்டும் இல்லாமலே நேரா கோச் ஆகலாம்.

அந்தக் கடைசி விலக்கு என்னை மாதிரி ஆளுங்களுக்குன்னே போட்டது. நான் சீனியர் நேஷனல் சாம்பியனா இருந்தவ, பகல்ல ஸ்கூல்ல பிடி டீச்சர், சாயங்காலம் உங்க சென்டர்லயே கோச். அதனால மெடல் வாங்கத் துப்பில்லாதவங்க வயித்தெரிச்சல்ல எழுதறாங்கன்னு இந்த லெட்டரை ஓரம் கட்ட முடியாது. எனக்கு வசதியா இருக்கற முடிவையும் சேர்த்துத்தான் வேணாம்னு சொல்றேன்.

ஆரம்பப் பேட்ச்ல என்ன நடக்குதுன்னு உங்கள்ல யாராவது கடைசியா எப்போ வந்து பார்த்தீங்க? பரிசு குடுக்க வர்றதைச் சொல்லலை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாதிரி சாதாரண நாள்ல வந்து ஓரமா உட்கார்ந்து பார்க்கறதைச் சொல்றேன். வந்திருந்தா ரெண்டு வாரம்னு எழுதியிருக்க மாட்டீங்க.

முதல்ல பசங்களை மல்லாக்கப் படுக்க வைப்போம். தாடை நெஞ்சுக்கு வரணும், கண்ணு பெல்ட் முடிச்சைப் பார்க்கணும், ரெண்டு கையும் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி, உள்ளங்கைல இருந்து முழங்கை வரைக்கும் ஒரே நேரத்துல மேட்டை அடிக்கணும். இது ஒண்ணையே திரும்பத் திரும்ப. அப்புறம் உட்கார்ந்து பின்னாடி சாயறது, அது வந்தப்புறம் குந்தி உட்கார்ந்து, அதுக்கப்புறம்தான் நின்னுக்கிட்டு. பின்பக்கம் விழறது வேற, பக்கவாட்டுல விழறது வேற, முன்னாடி உருண்டு விழறது வேற, ஒண்ணு வந்துட்டா இன்னொண்ணு தானா வரும்னு கிடையாது. சரியா விழுந்தா 'பட்'னு ஒரே சத்தம். கை முன்னபின்ன விழுந்தா சத்தம் ரெண்டா உடையும். நான் அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு பிள்ளைக்கு பெல்ட் கட்டிக்கிட்டு இருந்தாலும் இந்தப் பக்கம் யாரோ தப்பா விழுந்தது காதுலயே தெரிஞ்சிடும்.

இதுல கஷ்டம் எங்கன்னா, மனுஷ உடம்பு பின்னாடி சாஞ்சா கையை ஊனத்தான் பார்க்கும். பிறந்ததுல இருந்து வந்த பழக்கம் அது. ஜூடோல அந்தக் கை ஊனினா மணிக்கட்டு போகும், இல்லாட்டி முழங்கை போகும், காரை எலும்பு போகும். அந்தப் பழக்கத்தை உடம்புல இருந்து எடுக்கணும். படுத்துக்கிட்டு செய்யறப்போ எல்லாப் பிள்ளையும் அழகா செய்யும், வீடியோ எடுத்து அப்பா அம்மாவுக்கு அனுப்பற மாதிரி இருக்கும், ஆனா நாலு ரவுண்டு ரண்டோரி, அதாவது ஒருத்தரோட ஒருத்தர் ஃப்ரீயா மோதிப் பழகறது, போய் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறப்போ எதிர்பாராத பக்கத்துல ஒருத்தன் காலை வாரினா அந்த நொடியில தாடை உள்ள போகுதா இல்லையாங்கறதுதான் கேள்வி. அதை ரெண்டு வாரத்துல வர வைக்கிற கோச் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, நானே போய் கத்துக்கறேன்.

விழறவங்களுக்கு மட்டும் பாடம்னு நினைக்காதீங்க. வீசற பிள்ளைக்கும் அதே அளவு பாடம் இருக்கு. கடைசி நேரத்துல எதிராளியோட ஸ்லீவை விடாம மேல இழுத்துப் பிடிக்கணும், அப்போதான் அந்தப் பிள்ளை பக்கவாட்டுல திரும்பி இறங்கும், தலை முதல்ல போகாது. புதுப் பசங்க ஜெயிக்கிற சந்தோஷத்துல கையை விட்டுடுவாங்க, இல்லாட்டி மேலயே விழுந்துடுவாங்க. ரெண்டு வாரப் பிள்ளையை இன்னொரு ரெண்டு வாரப் பிள்ளையோட மேட்ல இறக்கினா விழத் தெரியாததும் வீசத் தெரியாததும் ஒண்ணாச் சேருது. மீட்ல அந்த மேட்ச்சைத்தான் எல்லாரும் கை தட்டிப் பார்க்கறாங்க.

அப்படி ஒரு மீட்ல நான் மேட் ஓரத்துல ஜட்ஜா உட்கார்ந்திருந்தேன். எந்த மீட், யாரு நடத்தினது, எந்த சென்டர் பையன், எதுவும் இங்க எழுதப் போறதில்லை, உங்களுக்கே தெரியும். வெள்ளை பெல்ட், ஜூடோகி, அதான் ஜூடோ டிரஸ், புத்தம் புதுசு, இஸ்திரி மடிப்பு கூட கலையலை. எதிராளி பையன் ஓசோடோ-காரி போட்டான், அதாவது வெளிப்பக்கமா காலை வாரி நேரா பின்னாடி தள்றது. இவன் கை பின்னாடி போச்சு, தாடை மேல போச்சு, தலையோட பின்பக்கம் மேட்ல அடிச்சுது. இப்பொன், முழுப் பாயின்ட். மேட்ச் முடிஞ்சுது. அவன் கோச் "எந்திரி எந்திரி, ஒண்ணும் இல்ல, அடுத்த மேட்ச் இருக்கு"ன்னு கத்தினாரு. பையன் எந்திரிச்சான், குனிஞ்சு வணக்கம் போட வேண்டிய பக்கம் எதுன்னு தெரியாம சுத்திப் பார்த்தான். நான் எந்திரிச்சுப் போய் இவனை இனி இறக்காதீங்கன்னு சொன்னேன். டாக்டர் எங்கன்னு கேட்டா சாப்பிடப் போயிருக்காரு. என்கிட்ட தலையாட்டிட்டு, ரெப்பசாஜ்ல, அதாவது தோத்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு குடுக்கற ரவுண்டுல, அவனைத் திரும்ப இறக்கினாங்க. அந்த மேட்ச் முடிஞ்சு செவுத்துல சாஞ்சு உட்கார்ந்தவன் வாந்தி எடுத்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

பையன் பொழச்சுக்கிட்டான், நல்லா இருக்கான், ஆனா மேட் பக்கம் வர்றதில்லை. நான் எழுத்துல ஒரு ரிப்போர்ட் குடுத்தேன். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை. அந்தக் கோச் யாருன்னா பெரிய மெடல் வாங்கினவரு, நல்ல ஃபைட்டர், ஒரு காலத்துல நானே அவரு ஊச்சிமாட்டாவை, அதாவது எதிராளியோட உள்தொடையில காலை விட்டுத் தூக்கி வீசறதைப் பார்த்து வாயைப் பொளந்திருக்கேன். கோர்ஸ் எதுவும் முடிக்கலை. இப்போ உங்க சர்க்குலர் அவரை மாதிரி ஆளுங்களுக்கு சட்டப்படியே கதவைத் திறந்து விடுது.

தலையில அடிபடறது என்னன்னு அந்தக் கோர்ஸ்லதான் சொல்லிக் குடுப்பாங்க. தலை நேரா எதுலயும் மோதக் கூட வேணாம், சடார்னு ஆட்டம் கண்டாலே மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவுல இருக்கற ரத்தக்குழாய் கிழிஞ்சு உள்ள ரத்தம் கசியலாம், பிள்ளை கொஞ்ச நேரம் சாதாரணமா பேசிக்கிட்டு இருக்கும், அப்புறம்தான் விழும். முதல் அடி ஆறறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டா அது சின்ன அடியா இருந்தாலும் ஆபத்து. இது எதுவும் மெடல் வாங்கறப்போ தானா மண்டைக்குள்ள ஏறாது.

ஜூடோ பொறந்த நாட்டையே எடுத்துக்கோங்க. ஜப்பான்ல 1983-ல இருந்து கணக்குப் பார்த்தா ஸ்கூல் ஜூடோல மட்டும் நூத்துக்கும் மேல பசங்க செத்துப் போயிருக்காங்க. ரியோ உச்சிதான்னு ஒரு ஆராய்ச்சியாளர் பழைய விபத்து ரிக்கார்டையெல்லாம் தோண்டி எடுத்துதான் அது வெளியே வந்துச்சு, அதுவரைக்கும் ஒவ்வொரு ஸ்கூலும் தனித்தனியா 'துரதிர்ஷ்டம்'னு சொல்லி மூடி வச்சிருந்தாங்க. செத்ததுல நிறைய பேருக்கு தலைக்காயம், நிறைய பேரு ஸ்கூல்ல ஜூடோ ஆரம்பிச்ச முதல் வருஷப் பசங்க, திரும்பத் திரும்ப வந்த வீச்சு எதுன்னா அதே ஓசோடோ-காரி. 2012-ல அங்க மிடில் ஸ்கூல்ல தற்காப்புக் கலையைக் கட்டாயப் பாடமா ஆக்கினப்போ இதை வச்சு பெரிய சண்டையே நடந்துச்சு, அதுக்கு அடுத்த வருஷம்தான் அவங்க கூட்டமைப்பு கோச்சுகளுக்குத் தகுதிச் சான்றிதழ் முறையைக் கொண்டு வந்துச்சு. அவ்வளவு பசங்க போனப்புறம் அவங்க மூடின கதவை நாம இப்போ திறக்கறோம்.

பிரான்ஸ்ல 1955-லயே சட்டம் போட்டுட்டாங்க, அரசாங்க டிப்ளமா இல்லாம காசு வாங்கி ஜூடோ சொல்லிக் குடுக்க முடியாது. நீ உலக சாம்பியனா இரு, யாரா வேணா இரு. அதனால அவங்க மெடல் குறைஞ்சு போச்சா? டோக்கியோ ஒலிம்பிக்ல கலப்பு டீம் ஃபைனல்ல ஜப்பானை ஜப்பான் மண்ணுலயே தோக்கடிச்சாங்க, 2024-ல பாரிஸ்ல திரும்பவும் அதே.

இப்போ மெடல் பாயின்ட் விஷயத்துக்கு வர்றேன். யமஷிதா யாருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து 203 மேட்ச் தோக்காதவரு, 1984 ஒலிம்பிக்ல கெண்டைக்கால் தசை கிழிஞ்சும் தங்கம் வாங்கினவரு. ஜெயிக்கிறதுன்னா என்னன்னு அவரை விட நல்லாத் தெரிஞ்ச ஆளு உலகத்துல கிடையாது. அவரு தலைவரா இருந்தப்போதான் 2022-ல ஜப்பான் கூட்டமைப்பு ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளோட தேசியத் தனிநபர் போட்டியை அடியோட நிறுத்துச்சு. ஏன்னா சின்னப் பசங்களைப் பட்டினி போட்டு வெயிட் குறைக்க வைக்கறாங்க, மேட் ஓரத்துல கோச்சும் பெத்தவங்களும் ரெஃபரியைத் திட்டறாங்க, எப்படியாவது ஜெயிச்சா போதும்னு ஆயிடுச்சு. அவங்க நிறுத்தின வியாதியை நீங்க பாயின்ட் போட்டு வளர்க்கப் போறீங்க. என் கான்ட்ராக்ட் ஒரு பத்து வயசுப் பிள்ளையோட வெண்கலத்துல தொங்குதுன்னா நாளைக்கு அந்தப் பிள்ளை தலை வலிக்குதுன்னு சொன்னா எந்தக் கோச் உட்கார வைப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. நல்ல கோச்சைக் கூட நீங்க கெட்டவனா ஆக்கறீங்க.

சாம்பியன் வேற, வாத்தியார் வேற. மேட்ல என் உடம்புக்குத் தெரிஞ்சதை என் வாய்க்குச் சொல்லத் தெரியாது. ஊச்சிமாட்டாவுக்கு எப்போ இடுப்பு திரும்புதுன்னு கேட்டா திரும்புதுன்னுதான் சொல்ல வரும். கோர்ஸ்ல எங்களுக்குப் பாடம் எடுத்த பெரியவர் ஒரு மெடலும் வாங்காதவரு, அவரு அந்த வீச்சை ஏழெட்டுத் துண்டாப் பிரிச்சு, கை இழுக்கறது தனியா, கால் வைக்கறது தனியா, எட்டு வயசுக் குழந்தைக்குப் புரியற மாதிரி போட்டுக் காட்டினாரு. அந்தத் துண்டு துண்டாப் பிரிக்கிற வித்தையை வச்சுத்தான் நான் இன்னிக்கு வரைக்கும் பிழைப்பு நடத்தறேன். கோசெய் இனோவே மாதிரி ஆளே, சிட்னி 2000 ஒலிம்பிக்ல ஜப்பானுக்குத் தங்கம் வாங்கினவரு, ரிட்டயர் ஆனதும் நேரா நேஷனல் டீம் நாற்காலில போய் உட்காரலை, ரெண்டு வருஷம் பிரிட்டன்ல போய் மத்தவங்க எப்படிச் சொல்லித் தர்றாங்கன்னு கத்துக்கிட்டு வந்தாரு. லண்டன் 2012-ல ஜப்பான் ஆண்களுக்கு ஒரு தங்கம் கூட இல்லை. அதுக்கப்புறம் தலைமைக் கோச்சா பொறுப்பெடுத்தாரு. ரியோல ஏழு வெயிட்லயும் மெடல், டோக்கியோல அஞ்சு தங்கம்.

அதே நாட்டுல இன்னொரு பக்கமும் இருக்கு. பெண்கள் டீமுக்கு உலக சாம்பியனா இருந்த ஒருத்தரைத் தலைமைக் கோச்சா போட்டாங்க. அடி, அறை, மூங்கில் கம்பு. பதினஞ்சு வீராங்கனைங்க சேர்ந்து ஒலிம்பிக் கமிட்டிக்குப் புகார் எழுதினாங்க, 2013 ஆரம்பத்துல அது வெளியே வந்து அவரு ராஜினாமா பண்ணாரு. உங்க புது விதிப்படி பார்த்தா அவருக்கு எந்தக் கோர்ஸும் வேணாம், முழு மார்க்.

அமெரிக்க ஜூடோ வீராங்கனை ரஸ்டி கனோகோகி கதை தெரிஞ்சிருக்கும். 1959-ல ஆம்பளைங்க டீம்ல ஆளோட ஆளா இறங்கி ஜெயிச்சாங்க, பொம்பளைன்னு தெரிஞ்சதும் மெடலைப் புடுங்கிட்டாங்க. 1980-ல பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப்பை நியூயார்க்ல நடத்திக் காட்டினது அந்த அம்மாதான், 1988 ஒலிம்பிக்ல அமெரிக்கப் பெண்கள் டீமுக்கு கோச்சும் அவங்கதான். மெடலைத் திருப்பிக் குடுத்தது 2009-ல. ஜப்பான்ல பொறந்த ஜூடோ டீச்சர் கெய்கோ ஃபுகுடா அம்மாவுக்கு அது கூட இல்லை, அவங்க காலத்துல பொம்பளைங்களுக்குப் போட்டியே கிடையாது, பொம்பளைங்கற காரணத்துக்காகவே பல வருஷம் பிளாக் பெல்ட்ல அஞ்சாவது படியான அஞ்சாவது டானோட நிறுத்தி வச்சாங்க, 1972-லதான் ஆறாவது. தொண்ணூறு வயசுக்கு மேலயும் மேட்ல நின்னு பாடம் எடுத்தாங்க. உங்க டேபிள்ல அவங்களுக்கு சைபர். இவ்வளவு ஏன், உங்க ஆபீஸ்ல தலைவர் சீட்டுக்கு மேல மாட்டி வச்சிருக்கீங்களே ஜூடோவை உருவாக்கின கானோ ஜிகோரோ போட்டோ, அவரே தொழில்ல வாத்தியார்தான், வாத்தியார்களை உருவாக்கற காலேஜுக்கு இருபது வருஷத்துக்கும் மேல தலைமை ஆசிரியரா இருந்தவரு.

பாயின்ட் முறை மொத்தமா தப்புன்னு சொல்லலை. சீனியர் டீம் கோச்சுக்கு மெடலைக் கேளுங்க, கேட்கத்தான் வேணும். ஆனா அந்த சீனியர் டீம்ல இன்னிக்கு நிக்கற பொண்ணுங்க எங்கிருந்து வந்தாங்க? எங்களை மாதிரி யாரோ ஒருத்தர்கிட்ட மாசக்கணக்குல விழுந்து விழுந்து எந்திரிச்சுத்தான் வந்தாங்க. அவங்க மெடல் வாங்கறப்போ பாயின்ட் கடைசியா வச்சிருந்த கோச்சுக்குப் போகுது. போகட்டும், அதுல எனக்கு வருத்தமில்லை. ஆனா எனக்கு சைபர்னு போட்டு அந்த சைபரைக் காரணம் காட்டி கான்ட்ராக்டைப் புதுப்பிக்காம பேட்சையே மூடறது, மாடி கட்டினதுக்குத்தான் கூலி, அஸ்திவாரத்துக்குக் கிடையாதுன்னு மேஸ்திரிகிட்ட சொல்ற கதை.

இன்னொண்ணு, என் பேட்ச்ல வர்ற பசங்கள்ல பெரும்பாலானவங்க சாம்பியன் ஆகப் போறதில்லை, அது எனக்கும் தெரியும் அவங்க அப்பா அம்மாவுக்கும் தெரியும். பேசவே பயப்படற பிள்ளை, கை நீட்டற பிள்ளை, குண்டா இருக்கேன்னு ஸ்கூல்ல கேலிக்கு ஆளாகற பிள்ளை. ஒரு பொண்ணு பின்னாடி சாயவே மாட்டா, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு என் ஸ்லீவை விட மாட்டா. அவளை யாரும் அவசரப்படுத்தலை. ஒருநாள் அவளே கையை விட்டா, விழுந்தா, சத்தம் ஒண்ணா வந்துச்சு, எந்திரிச்சு "மேடம் இன்னொரு தடவை"ன்னா. இந்த மாதிரி பிள்ளைங்க ரெண்டு வாரத்துல மீட்ல போய் நின்னா முதல் மேட்ச்லயே ஓடிப் போயிடுவாங்க, அப்புறம் வரவே மாட்டாங்க. ஆள் சேர்க்கறோம்னு நினைச்சு நீங்க ஆளை விரட்டறீங்க.

மேட் விஷயம் தனியா எழுதணும், இங்க சுருக்கமா சொல்லிடறேன். ஆரம்பப் பேட்ச்சுக்குக் குடுத்திருக்கற மேட் பழசு, ஓரம் தேஞ்சு நடுவுல இடைவெளி விழுது, கால் விரல் அதுல மாட்டிக்குது. நல்ல மேட் எல்லாம் மெடல் பேட்ச்சுக்கு. அதிகமா விழறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா இந்தப் பங்கீடு தலைகீழா இருக்கறது புரியும்.

நான் கேட்கறது இதுதான். ரெண்டு வார விதியை வாபஸ் வாங்குங்க. குறைஞ்சது ஆறு மாசம் பயிற்சி, அது முடிஞ்சு வேற சென்டர் கோச் ஒருத்தர் வந்து அந்தப் பிள்ளை களைச்சுப் போன நிலைமையில எப்படி விழுதுன்னு பார்த்து சைன் பண்ணினாத்தான் எந்த மீட்டும். மெடல்காரங்களுக்குக் குடுத்த விலக்கை எடுத்துடுங்க, நான் உட்பட எல்லாரும் கோர்ஸும் தலைக்காயப் பயிற்சியும் முடிச்சிருக்கணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். மீட்ல டாக்டர் மேட் ஓரத்துல இல்லைன்னா மேட்ச் நடக்கக் கூடாது. தலையில அடிபட்ட பிள்ளையை அன்னிக்குத் திரும்ப இறக்கக் கூடாது, டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் பயிற்சிக்கும் விடக் கூடாது. இந்த முடிவு கோச் கைல இருக்கக் கூடாது, என் கையிலயும்தான். காயப் பதிவேடு ஒண்ணு ஒவ்வொரு சென்டர்லயும் வச்சு வருஷா வருஷம் வெளியிடுங்க. ஆரம்பப் பேட்ச் கோச்சை மதிப்பிடறதுக்கு மெடல் வேணாம், எத்தனை பிள்ளைங்க ஒரு வருஷத்துக்கு அப்புறமும் வர்றாங்க, எத்தனை பேருக்கு அடிபட்டுது, எத்தனை பேரு விழற டெஸ்ட்ல தேறினாங்கன்னு பாருங்க, எண்ணறதுக்கு இதுலயும் நம்பர் இருக்கு. மேட்டை மாத்திக் குடுங்க. அந்தப் பையன் சம்பந்தமா நான் குடுத்த ரிப்போர்ட்டுக்கு எழுத்துல பதில் வேணும், அவன் அப்பா அம்மாவுக்கும் ஒரு காப்பி போகணும்.

அடுத்த செயற்குழு கூட்டத்துல இதைப் பேச எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. அதுல முடிவாகற வரைக்கும், ஆறு மாசம் முடிக்காத எந்தப் பிள்ளையோட என்ட்ரி ஃபார்ம்லயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதுக்காக என் கான்ட்ராக்டை நிறுத்தறதா இருந்தா, காரணம் இதுதான்னு லெட்டர்லயே எழுதிக் குடுங்க.

இப்படிக்கு,
உங்க சென்டர்ல ஆரம்பப் பேட்ச் எடுக்கற கோச்